லிஸ்பன் போகிறவர்களுக்கு: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் போர்த்துக்கீசியம்

போர்ச்சுகலுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்த மொழியைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் வரலாற்று வழியாகத்தான் நுழைய முடியும். அதுவும் ஒருவகையில் வசதிதான், ஏனென்றால் அந்த மொழியின் பாதி வீட்டுச் சாமான் நம்மிடமே இருக்கிறது.

தங்கும் விடுதியில் 'ஷாவ்' என்று கேட்டால் சாவி கிடைக்கும். 'ஜனெலா' ஜன்னல். 'மேஸா' மேசை, 'அர்மாரியு' அலமாரி, 'பொத்தாவ்ங்' பொத்தான். கடையில் 'அனனாஷ்' அன்னாசி, 'கொயாபா' கொய்யா. இலங்கைக்காரர்களுக்கு இன்னும் சில அறைகள் கூடுதல்: கதிரை, சப்பாத்து, லேஞ்சி, பாண், நத்தார். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் நேரடியாகப் போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்ததன் மிச்சம் இது.

பாணில் ஓர் உச்சரிப்புப் பாடம் இருக்கிறது. அந்தச் சொல்லின் கடைசி ஒலி மூக்கால் வர வேண்டும். நம் முன்னோர் அதைப் பிடிக்கத்தான் பாணில் ண், பொத்தானில் ன் போட்டார்கள். 'லெய்லாவ்ங்' நம்மிடம் ஏலமாகி ம்-இல் முடிந்தது. மூக்கை விட்டுவிட்டு வெறுமனே 'பாவு' என்றால் கட்டை என்று பொருள். ரொட்டிக் கடையில் கட்டை கேட்டு நிற்காதீர்கள்.

ஆனால் இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் பேச முடியாது. எல்லாம் பெயர்ச்சொற்கள். சாவி வந்தது, 'திற' வரவில்லை. ஏலத்தை வாங்கி 'விடு' என்ற நம் வினையை ஒட்டிக்கொண்டோம். கடன் சொற்கள் எங்குமே பெரும்பாலும் பெயர்களாகத்தான் வரும் என்பார்கள். சரிதான். இருந்தாலும் பாதிரி, ஆயா, மேஸ்திரி, ஏலம், தோம்பு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கோயில், வீட்டு வேலை, கட்டட வேலை, சந்தை, வரிக்காக நிலத்தைப் பதிவு செய்த ஏடு. இரண்டு தரப்பும் எங்கெல்லாம் சந்தித்தன, யார் ஏவினார், யார் செய்தார் என்பது அதிலேயே தெரிகிறது.

அவர்கள் தமிழ் கற்ற கதை இதைவிடச் சுவையானது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், பெரிதும் போர்த்துக்கீசியப் பாதுகாப்பை நாடி. 1542இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, ஒப்பித்தார். பயணிகள் விமானத்தில் உட்கார்ந்து பத்து வாக்கியம் உருப்போடுகிறோமே, அதே முறை. 1544இல் தன்னோடு பணிசெய்த மான்சிலாசுக்கு ஒரு கடிதம் எழுதினார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்று சொல்லிவருவதை மாற்றுங்கள், அதற்கு 'விரும்புகிறேன்' என்றுதான் பொருள், 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது அதுவரை அந்தக் கரையில் 'கடவுளை நம்புகிறேன்' என்ற இடத்தில் 'வேணும்' என்று ஓதப்பட்டிருக்கிறது. கேட்ட மீனவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

பயணிக்கு 'வேணும்' போதும். ஆனால் அதிலும் ஒரு நுட்பம். போர்த்துக்கீசியத்தில் 'கேரு' என்றால் 'வேணும்'. போர்ச்சுகலில் கடைக்காரரிடம் அப்படிச் சொன்னால் சற்று அதட்டலாகப் படும். 'கெரீயா' என்று இறந்தகாலத்துக்குத் தள்ளிச் சொல்வதே மரியாதை. 'ஒரு காபி வேண்டியிருந்தது' என்பதைப் போல. நன்றிக்கு ஆண்கள் 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா'. சொல்பவரைப் பொறுத்து மாறும், கேட்பவரைப் பொறுத்தல்ல. கதவில் 'புஷ்' என்பதுபோல் ஒலிக்கும் சொல் இருந்தால் தள்ளாதீர்கள், அதற்கு இழு என்று பொருள்.

1554இல் லிஸ்பனில் மூன்றாம் ஜோவாவ் மன்னரின் ஆணைப்படி ஒரு சிறு நூல் அச்சானது, பெயர் 'கார்த்தில்யா'. ரோமன் எழுத்தில் தமிழ் ஜெபங்கள், கூடவே சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருள். அச்சேறிய முதல் தமிழ் இதுதான். ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. தமிழ் எழுத்திலான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வர 1578 ஆயிற்று. லிஸ்பன் நூலை ஆக்கியவர்கள் இந்தியாவிலிருந்து போன மூவர்: விசெந்தி த நசரே, ஜோர்ஜ் கர்வால்யு, தொமே த குருஸ். இவை மூன்றும் ஞானஸ்நானப் பெயர்கள். அவர்களைத் தாய் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதற்கு அந்த நூலில் இடமில்லை. புலம்பெயர்ந்த தமிழர்களின் எழுத்துப் பணி என்று நாம் பேசும்போது இவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

உருப்போடுவதோடு நிற்காமல் வினைச்சொல்லுக்குள் இறங்கியவர் என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார். முத்துக்குளித்துறையில் மக்கள் பேசிய தமிழுக்கு அவர் போர்த்துக்கீசியத்தில் இலக்கணம் எழுதினார். கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் அந்தாவ்ங் த ப்ரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைத் தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். மலேசிய நண்பர்களின் வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கக்கூடும்.

நம் பக்கத்திலிருந்தும் சொற்கள் கப்பலேறின. லிஸ்பன் உணவகப் பட்டியலில் 'கான்ஜா' என்று பாருங்கள், கோழி போட்ட சூப். கஞ்சிதான் அது, மலையாளக் கரை வழியாகப் போனது. 'மாங்கா' மாங்காய், 'கரீல்' கறி. போர்த்துக்கீசிய அகராதியில் இவற்றோடு 'பாரியா' என்ற சொல்லும் இருக்கிறது. சமூகத்தால் விலக்கப்பட்டவன் என்று பொருள். பறையர் என்ற நம் சாதிப் பெயர்தான் அது, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் போயிற்று. விலக்கப்பட்டவன் என்ற பொருளை மாலுமிகள் சொந்தமாகக் கற்பனை செய்யவில்லை. நம் ஊர்களில் பார்த்து, நம்மவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.