வானொலி கேட்டோரைக் கேட்ட கதை

புதிய சவர்க்காரம் ஒன்றைச் சந்தைக்கு விடுமுன் எட்டுப் பத்துப் பேரை ஒருங்கே இருத்தி, அவர்தம் மனத்தை உரையாடலால் அறிய முற்படுவர் வணிகர். இதனைக் குவியக் குழு என்பர். இன்று அக்குழுவினர் அவரவர் வீட்டிலிருந்தவாறே இணையவழி கூடுவதும் வழக்கமாகிவிட்டது. இம்முறை பிறந்த இடம் ஒரு வானொலிக் கலையகம் என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கக்கூடும்.

1941ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நியூயோர்க் நகரம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் லாசர்ஸ்பெல்ட் என்னும் வியன்னா அறிஞர், தம் சக ஆசிரியர் றொபேட் மேர்ட்டனை இராவுணவுக்கு அழைத்திருந்தார். வந்த விருந்தாளியை உணவுக்கு இருத்தாமல் கலையகத்துக்கு இட்டுச் சென்றுவிட்டார். அங்கே சிலர் ஒலிப்பதிவு செய்த நிகழ்ச்சியொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தனர். பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அவர்கள் அழுத்த, ஒரு பொறி அதனைப் பதிந்துகொண்டது. ஆனால் பொத்தான், எப்பொழுது என்பதைச் சொல்லுமேயன்றி ஏன் என்பதைச் சொல்லாது. அதனை அறிய, நிகழ்ச்சி முடிந்தபின் ஒருவர் அவர்களை வினவினார். வினவியவரோ விடையையும் தாமே அவர்கள் வாயில் வைப்பதை மேர்ட்டன் கண்டார். குறைகளைத் துண்டுத் தாளில் எழுதி நண்பரிடம் நீட்டலானார். "அடுத்த குழுவை நீரே விசாரியும்" என்ற பொருள்பட லாசர்ஸ்பெல்ட் கேட்க, அவரும் இணங்கினார். விருந்து ஆறிப்போயிருக்கும், முறையொன்று பிறந்தது.

1943இல் கேற் சிமித் என்னும் பாடகி பதினெட்டு மணிநேரம் வானொலியில் தோன்றித் தோன்றிப் போர்க்கடன் பத்திரங்களை விற்றார். மக்கள் ஏன் அவருக்குச் செவிசாய்த்தனர் என ஆராய்ந்த மேர்ட்டன், நூறு பேருடன் நெடிது உரையாடியதோடு அமையாது, ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் கருத்துக் கணிப்பும் நடத்தினார். சிறு குழுவின் பேச்சு புதிய எண்ணங்களுக்கு ஊற்று. அவ்வெண்ணங்களைப் பின்னர்ப் பரந்த ஆய்வாற் சோதித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வணிகர் முற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியைக் கைவிட்டனர் என்ற குறை 1987இல் அவர் எழுதிய கட்டுரையிலும் ஒலிக்கிறது.

இணையம் அந்தப் பிற்பாதியை மீட்டுத் தரவில்லை. 1990களில் எழுத்துவழி உரையாடலாகத் தொடங்கிய இணையவழிக் குழு, 2020இன் பெருந்தொற்றின்போது முகங்காட்டும் திரைகளில் வெகுவாகப் பரவியது. பயணச் செலவு குறைந்தது, தொலைவிலிருப்போரும் சேர்ந்தனர். இணைப்பில்லா வீட்டார் மட்டும் சேரவில்லை. எழுதிப் பேசும் குழுவிலே உரத்த குரலுக்கு ஆதிக்கமில்லை என்பது மெய். ஆனால் விரைவாகத் தட்டெழுதுபவர் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஒருவர் வாளாவிருந்தால், அவர் சிந்திக்கிறாரா, தேநீர் ஊற்றப் போய்விட்டாரா என்று தெரிவதில்லை.

துண்டுத் தாளும் இன்னும் இருக்கிறது. செலவைப் பொறுக்கும் வணிகர், குழுவினர் கண்ணிற் படாத தனித் திரையில் அமர்ந்து, வினவுபவருக்கு இரகசியமாகச் செய்தி அனுப்பலாம். விடையை வாயில் வைக்காதே என்பதற்காக அன்று எழுதப்பட்டது அத்தாள். எங்கள் பொருளைப் பற்றி இன்னுமொருமுறை கேளும், நல்லதாக ஏதேனும் வரும்வரை கேளும் என்றும் இன்று அதில் எழுதலாம்.