ஓநாயின் வழக்கு

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பது நம் ஊர்ப் பழமொழி. கபடமான அனுதாபத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. ஓநாயைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லும் பழமொழி நம்மிடம் உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மேல்நாட்டுக்காரர்களும் இந்த விஷயத்தில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில் ஓநாய் ஒரு பாட்டியையே விழுங்கிவிடுகிறது.

கதை எழுதுகிற எனக்கு ஒன்று தெரியும். கதைக்கு ஒரு துஷ்டன் வேண்டும். ஒருவனுக்குத் துஷ்டன் என்று பெயர் சூட்டிவிட்டால், பிறகு அவனுக்கு என்ன நேர்ந்தாலும் வாசகர் கண்ணீர் விடமாட்டார். கதையில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு தேசமே ஒரு பிராணிக்கு அப்படிப் பெயர் சூட்டிவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் என்ன ஆயிற்று என்பதற்குத் தேதிவாரியாகச் சாட்சியம் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் மாசசூசெட்ஸ் கரையில் குடியேறிச் சரியாகக் காலூன்றக்கூட இல்லை. 1630-ஆம் வருஷத்திலேயே ஓநாயைக் கொன்று வருபவனுக்குச் சன்மானம் என்று விதித்துவிட்டார்கள். அடுத்த இருநூற்றைம்பது வருஷத்தில் குடியேற்றம் மேற்கே நகர நகர, அந்தச் சன்மானமும் கூடவே நகர்ந்தது. மேற்குச் சமவெளிகளில் லட்சோபலட்சமாகத் திரிந்த காட்டெருமைகளை 1870-களிலும் 1880-களிலும் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்தார்கள். காலியான புல்வெளியில் மாடுகளையும் ஆடுகளையும் ஓட்டி வந்து விட்டார்கள். எருமை தின்று வாழ்ந்த ஓநாய் எருமைக்கு எங்கே போகும்? மாட்டின்மேல் பாய்ந்தது. உடனே அது திருடனாகிவிட்டது.

தண்டனை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். துப்பாக்கியும் இடுக்கிப் பொறியும் போதவில்லை. செத்த மாட்டின் உடலில் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷத்தைத் தடவிப் போட்டார்கள். அது வேறொன்றுமில்லை, நம் காடுகளில் வளர்கிறதே எட்டிமரம், அதன் கொட்டையில் இருக்கும் விஷந்தான். அதைத் தின்ற ஓநாய் வலிப்புக் கண்டு துடித்துச் சாகும். ஆனால் விஷத்துக்கு ஓநாய் என்றும் பிற பிராணி என்றும் பேதம் தெரியாது. நரியும் கழுகும் காகமும் வீட்டு நாயும் அந்த இறைச்சியைத் தின்று கூடவே செத்தன.

மான்டானா மாகாணத்தார் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். பிடிபட்ட ஓநாய்களுக்குச் சொறிநோயை ஏற்றி மறுபடியும் காட்டில் விட வேண்டும் என்று 1905-ஆம் வருஷம் சட்டமே செய்தார்கள். மயிரெல்லாம் உதிர்ந்து குளிரில் விறைத்து, ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றி, கூட்டம் கூட்டமாக மடியட்டும் என்று ஏற்பாடு. இதைச் செய்தவர்கள் மிருக வைத்தியர்கள்!

இனி யெல்லோஸ்டோனுக்கு வருவோம். 1872-ல் உலகத்திலேயே முதன்முதலாகத் தேசியப் பூங்கா என்று பிரகடனம் செய்யப்பட்ட இடம் அது. வெந்நீர் ஊற்றுகளும் பள்ளத்தாக்குகளும் காடுகளும் நிறைந்த, சுமார் ஒன்பதாயிரம் சதுர கிலோமீட்டர்ப் பிரதேசம். அங்கே வேட்டையைத் தடுக்க 1894-ல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் அந்த அபயம் மானுக்கும் எருமைக்குந்தான். ஓநாய்க்கு இல்லை. 1914 முதல் 1926 வரை பூங்காவுக்குள்ளேயே குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை குட்டிகள். 1926-ல் சோடா ப்யூட் என்ற ஓடைக்கருகே இரண்டு குட்டிகளைக் கொன்றதோடு கணக்கு முடிந்தது. கொன்றவர்கள் திருட்டு வேட்டைக்காரர்கள் அல்ல. காட்டைக் காப்பதற்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த சிப்பந்திகள்.

அவர்கள் கொடியவர்களா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. மானைக் காப்பாற்றுவதாகவே அவர்கள் நம்பினார்கள். சாதுப் பிராணியைக் காத்துத் துஷ்டப் பிராணியை ஒழிப்பது தர்மம் என்று எண்ணினார்கள். கொடியவன் செய்கிற தீங்குக்கு அவன் களைத்துப் போனால் ஓய்வு உண்டு. கடமை என்று நினைத்துச் செய்கிறவனோ கடைசிக் குட்டி வரையில் ஓயமாட்டான்.

அபயம் பெற்ற மான்களின் கதி என்ன? அங்கே எல்க் என்றொரு பெரிய மான் ஜாதி உண்டு. குதிரை அளவுக்கு வளரும். பயமற்றுப்போன எல்க் கூட்டம் குளிர்காலத்தில் பள்ளத்தாக்குகளில் தங்கி ஆஸ்பென் கன்றுகளையும் ஓடைக்கரை வில்லோச் செடிகளையும் தலையெடுக்க விடாமல் மேய்ந்தது. அந்தச் செடிகளைத் தின்று, அவற்றின் கொம்புகளாலேயே ஓடையில் அணை கட்டி வாழும் பீவர் என்ற பிராணிக்கு வாழ்க்கை இல்லாமல் போயிற்று. பீவர் போனதும் அணை போயிற்று. அணை போனதும் ஓடை ஆழமாக அரித்துக்கொண்டு ஓடி, கரையின் நிலத்தடி நீர் கீழே இறங்கிவிட்டது. ஓநாய் இருந்த இடத்தில் கயோட்டி என்ற அதன் சிறிய பங்காளி பெருகியது.

கடைசியில், எந்த எல்க்கைக் காப்பாற்றுவதற்காக ஓநாயைக் கொன்றார்களோ, அந்த எல்க்கையே பூங்காச் சிப்பந்திகள் துப்பாக்கியால் சுட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று. 1961-62 குளிர்காலத்தில் மட்டும் சுமார் 4,300 எல்க்குகளைச் சுட்டார்கள். ஓநாயின் வேலையை மனிதன் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தான். ஆனால் ஓநாயைப் போலச் செய்யத் தெரியவில்லை. ஓநாய் கிழடையும் நோயாளியையும் கன்றையும் தேடிப் பிடிக்கும். துப்பாக்கிக்கு எதிரே நிற்கிற எல்லாம் ஒன்றுதான்.

இந்தப் படுகொலையைப் பார்த்து ஜனங்கள் கூச்சலிட்டார்கள். பூங்காக்களில் பிராணிகளை எப்படிப் பராமரிப்பது என்று யோசனை சொல்ல ஒரு குழு நியமிக்கப்பட்டு, 1963-ல் அறிக்கை கொடுத்தது. குழுவின் தலைவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அவருடைய தகப்பனார் ஆல்டோ லியோபோல்ட் இந்த வழக்கில் முக்கியமான சாட்சி. 1909-ல் வனத்துறையில் சேர்ந்து அரிசோனாவுக்குப் போன இளைஞர் அவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், ஓநாயே இல்லாவிட்டால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கந்தான் என்று அக்காலத்து எல்லோரையும்போல நம்பியவர். ஒருநாள் ஒரு தாய் ஓநாயைச் சுட்டார். அது சாகும் தறுவாயில் அதன் கண்களை அருகே நின்று பார்த்தார். பிற்காலத்தில் மான்கள் மேய்ந்து மொட்டையடித்த மலைகளையும் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் கழித்து, 1944-ல், இவற்றையெல்லாம் ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். 1948-ல் பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போனவர் அங்கேயே உயிர்விட்டார். மறுவருஷம் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அந்தக் கட்டுரை இடம்பெற்றது. ஓநாயின் கண்ணை ஒருவர் அருகே நின்று பார்த்ததற்கும் ஒரு தேசம் மனம் மாறியதற்கும் நடுவே எத்தனை வருஷம்!

1973-ல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. அப்புறமும் இருபது வருஷம் வாதப்பிரதிவாதம். முடிவில் 1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14 ஓநாய்களையும், மறுவருஷம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 ஓநாய்களையும் யெல்லோஸ்டோனுக்குக் கொண்டு வந்தார்கள். முதல் ஓநாய்கள் வந்து இறங்கிய அன்று ஒரு கோர்ட்டுத் தடையுத்தரவின் பேரில் பெட்டிக்குள்ளேயே மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. வழக்கு ஓநாயை விடவில்லை பாருங்கள்! அவ்வருஷம் ஏப்ரலில் பத்தாம் எண் இட்ட ஆண் ஓநாயைப் பூங்காவுக்கு வெளியே ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன் பெட்டை அதே சமயத்தில் எட்டுக் குட்டிகள் ஈன்றிருந்தது. தாயையும் குட்டிகளையும் சிப்பந்திகள் எடுத்துவந்து பூங்காவின் அடைப்பில் வைத்துக் காப்பாற்றினார்கள். 1926-ல் குட்டிகளைக் கொன்ற அதே இலாகா!

ஓநாய் திரும்பியதும் என்ன நடந்தது? சில வருஷங்களில் பூங்காவின் வடபகுதியில் கயோட்டிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஓநாய் தின்று மிச்சம் வைத்த இறைச்சியில் கரடியும் கழுகும் அண்டங்காக்கையும் பங்கு பெற்றன. 1994-ல் சுமார் 19,000 ஆக இருந்த வடபகுதி எல்க் கூட்டம் 2013-ல் 4,000-க்கும் கீழே இறங்கி, பிறகு சற்று ஏறியது. ஆங்காங்கே ஆஸ்பெனும் வில்லோவும் தலைநிமிர்ந்தன. இதையெல்லாம் வைத்து, ஓநாய் வந்தது, காடு பிழைத்தது, ஆறுகூட நேரானது என்று அழகான கதை கட்டிவிட்டார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இத்தனை அழகான முடிவைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். விஞ்ஞானிகளும் அப்படியே சொல்கிறார்கள். எல்க் குறைந்ததில் கரடிக்கும் மலைச்சிங்கத்துக்கும் பஞ்சத்துக்கும், பூங்காவுக்கு வெளியே வேட்டையாடிய மனிதனுக்கும் பங்கு உண்டாம். நிலத்தடி நீர் இறங்கிப்போன ஓடைக்கரைகளில் எல்க் மேயாமலிருந்தாலும் வில்லோ வளரவில்லையாம். எழுபது வருஷத்தில் அறுந்த சங்கிலியை ஒரு கண்ணியை மட்டும் கொண்டுவந்து மாட்டிச் சேர்த்துவிட முடியாது. 1905-ல் ஏற்றிவிட்டார்களே சொறிநோய், அது என்ன ஆயிற்று? நூறு வருஷம் கழித்து, 2007-ல், யெல்லோஸ்டோனின் புதிய ஓநாய்களிடமும் சொறி தலைகாட்டியது.

இதற்கிடையில் வேட்டை திரும்பிவிட்டது. 2011-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் மான்டானா, ஐடஹோ ஓநாய்களைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. மறுவருஷம் வயோமிங்கிலும் வேட்டைக்கு அனுமதி வந்தது. பூங்காவுக்குள் சுடக்கூடாது, எல்லையைத் தாண்டினால் சுடலாம். ஓநாய்க்கு எல்லைக்கோடு தெரியுமா? 2012 டிசம்பரில், ஆயிரக்கணக்கான பேர் தூரதரிசினி வைத்துப் பார்த்து மகிழ்ந்த ஒரு பெட்டை ஓநாய், எல்லைக்கு வெளியே சுமார் 15 மைல் தூரத்தில் சட்டப்படியே சுடப்பட்டது. அதன் தலைமையில் இருந்த கூட்டமும் சிதறியது. 2021-22 வேட்டைப் பருவத்தில் யெல்லோஸ்டோன் ஓநாய்களில் 25 எல்லைக்கு வெளியே கொல்லப்பட்டன. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஓநாய் என்பது தனிப் பிராணி அல்ல, குடும்பம். தலைவனோ தலைவியோ செத்தால் அந்தக் கூட்டம் கலைவதும் அடுத்த வருஷம் குட்டி போடாமல் போவதும் அதிகமாகிறது என்று ஐந்து தேசியப் பூங்காக்களின் கணக்கை வைத்து 2023-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

ஆட்டுக்காரனை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமல்ல. இரவோடிரவாக ஆட்டைப் பறிகொடுத்தவனிடம் ஆஸ்பென் மரத்தின் பெருமையைச் சொன்னால் அவன் சிரிக்கமாட்டான். அவனுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். காவல் நாயும் வேலியும் கொடுத்து உதவ வேண்டும். பட்டிக்குள் மறுபடி மறுபடி புகும் ஓநாயைச் சுடுவதைக்கூட நான் மறுக்கவில்லை. குற்றம் செய்த ஒன்றைத் தண்டிப்பது வேறு. ஒரு ஜாதியையே குற்றவாளி என்று வைத்துக்கொண்டு, தோலுக்கும் பந்தயத்துக்கும் பொழுதுபோக்குக்கும் சுடுவது வேறு.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஓநாய்க்காகப் பரிந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதனால் காட்டுக்கு உண்டாகும் லாபத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த லாபக் கணக்கில்தான் இப்போது விஞ்ஞானிகளுக்குள்ளேயே அபிப்பிராய பேதம். நாளைக்கு லாபம் சொற்பந்தான் என்று தீர்ந்தால், ஓநாயின் உயிர் என்ன ஆவது? முன்பு நஷ்டம் என்று கொன்றோம். பிறகு லாபம் என்று கொண்டுவந்தோம். இரண்டிலும் தராசு நம் கையில்தான் இருந்தது. சோடா ப்யூட் ஓடைக்கரையில் இறந்த இரண்டு குட்டிகள் யாருடைய ஆட்டையும் தின்னவில்லை. அவை எந்த மரத்தையும் வளர்த்துக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறந்த காட்டில் அவை வளர்ந்திருக்கலாம். அதற்குமேல் அவற்றின் சார்பில் சொல்ல வேண்டிய வாதம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.