பப்ஜி தடை: பிரச்னை துப்பாக்கியா, எல்லையா?

'சிக்கன் டின்னர்' ஜெயிச்சு, ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸ்ல வெச்சவரா நீங்க? அப்போ 2020 செப்டம்பர் 2-ம் தேதியை மறந்திருக்க மாட்டீங்க. பப்ஜி மொபைல் உட்பட 118 ஆப்களுக்கு மத்திய அரசு தடை போட்ட நாள் அது.

கேம்ல வர்ற வன்முறைதான் காரணம்னு நினைச்சீங்களா? அது, 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் போலீஸ் தடை விதித்தபோது சொன்ன காரணம். அப்போது போனில் விளையாடியதற்காகக் கல்லூரி மாணவர்கள்கூடக் கைதானார்கள்.

2020 தடைக்குப் பயன்பட்டது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பயனாளர்களின் டேட்டா ஆகியவையே அரசு சொன்ன காரணங்கள். அதே ஆண்டு ஜூனில்தான் சீன ராணுவத்துடனான கல்வான் மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். பப்ஜி பிறந்தது தென் கொரியாவில் என்றாலும், மொபைல் கேமை இங்கே வெளியிட்டது சீனாவின் டென்சென்ட்.

2021 ஜூலையில் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனமே நேரடியாக 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வை இறக்கியது. துப்பாக்கிச் சண்டை அப்படியேதான் இருந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களில் இருந்து காணாமல்போய், 2023 மே மாதம் திரும்பி வந்தது.

இதில் ஒவ்வொரு முறையும் தொங்கலில் நின்றது உங்க அக்கவுன்ட்டும், ஸ்கின்னுக்குக் கொட்டின காசும்தான். அதனால அடுத்த தடைச் செய்தி வந்தா, 'எந்தச் சட்டம், என்ன காரணம்'னு முதல்ல பாருங்க. கேமைவிடப் பெரிய ஆட்டம் அதுக்குள்ள இருக்கலாம்!