கல்தரையில் ஒருநாள் ஓவியம்

தன் படைப்பு தன்னைக் கடந்து வாழவேண்டும் என்று விரும்புவது கலைஞனின் இயல்பு. கல்லும் செம்பும் ஏடும் அச்சும் அவ்விருப்பத்திற்குத் துணைநின்ற கருவிகள். ஆயின் அவ்விருப்பத்தைத் தொடக்கத்திலேயே துறந்துவிட்ட கலை ஒன்றும் உண்டு. நடைபாதையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் தீட்டப்படும் ஓவியமே அது. காலையில் தோன்றி மாலையில் கால்பட்டு மங்கி, அடுத்த மழையில் கரைந்துபோவது அதன் விதி. அத்தகைய கலை, காக்கப்படுவதற்கென்றே நிற்கும் பழம்பெரும் மனைகளின் வாசலில், ஊர்கூடிக் கொண்டாடும் நாட்களில் மதிப்புடன் வரவேற்கப்படும் நிலை ஏற்பட்டது எவ்வாறு? தெருவில் கையேந்தியவனின் தொழில் திருவிழாவின் அணியாக மாறிய வரலாறு அது. அதில் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

பெயர் தந்த அன்னை

இத்தாலியில் இக்கலைஞர்களை மடோன்னாரி என்று அழைத்தனர். மடோன்னா என்பது கன்னி மரியாளைக் குறிக்கும் சொல். அன்னையின் உருவை மிகுதியாக வரைந்தமையால் அப்பெயர் அமைந்தது. இவர்கள் ஓரிடத்தில் தங்கியவர்கள் அல்லர். எந்த ஊரில் எந்நாளில் திருவிழா என்பதை அறிந்து, ஊர் ஊராய் நடந்து, தேவாலய முன்றிலில் மண்டியிட்டு வரைந்தவர்கள். கரியும் செங்கல் தூளும் சுண்ணமும் அவர்களது வண்ணங்கள். வழிபட வந்தோர் ஓவியத்தின் விளிம்பில் இட்ட காசே அன்றைய உணவு. தங்கள் பெயரை அவர்கள் தரையில் எழுதவில்லை. வரலாறும் அப்பெயர்களைப் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை.

இலண்டன் நடைபாதையில்

இங்கிலாந்தில் இத்தொழில் செய்தோருக்கு ஸ்க்ரீவர் என்று பெயர். எழுதுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து அச்சொல் பிறந்தது என்பர். பெயருக்கேற்ப அவர்கள் ஓவியத்தின் அருகே அழகிய எழுத்தில் ஒரு வாசகமும் எழுதுவதுண்டு. ஓவியம் கண்ணை நிறுத்தும். வாசகம் கையைச் சட்டைப்பைக்குள் செலுத்தும்.

இவர்களுள் ஒருவரை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தவர் ஜார்ஜ் ஆர்வெல். பாரிசிலும் இலண்டனிலும் வறுமையில் கழிந்த தம் நாட்களை விவரித்து அவர் 1933இல் வெளியிட்ட நூலில், தேம்ஸ் ஆற்றங்கரையில் வாட்டர்லூ பாலத்தின் அருகே வரைந்துவந்த போசோ என்பவர் இடம்பெறுகிறார். வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளியாக இருந்து, உயரத்திலிருந்து விழுந்து கால் முடமானவர் அவர். அன்றாட அரசியலைக் கேலிச்சித்திரமாகத் தரையில் வரைவது அவர் வழக்கம். உழைப்பு என்று பெயரெழுதிய முயலை, மூலதனம் என்று பெயரெழுதிய மலைப்பாம்பு விழுங்குவதாக அவர் ஒருமுறை வரைந்தார். காவலர் வந்து அதை அழித்துவிடுமாறு கட்டளையிட்டார். அவரும் அழிக்க நேர்ந்தது. அவர் வரையும்போது சூழ்ந்துநிற்கும் கூட்டம், தொப்பியை ஏந்தித் திரும்பியவுடன் கலைந்துபோகும். அந்நிலையிலும் இரவில் விண்மீன்களைக் கண்டு அவற்றின் பெயர்களைக் கற்றவர் அவர்.

1934இல் பி. எல். டிராவர்ஸ் எழுதிய மேரி பாப்பின்ஸ் என்னும் சிறுவர் நூலிலும் இத்தகைய கலைஞன் ஒருவன் உண்டு. வானம் தெளிந்திருந்தால் தரையில் படம் வரைவான். மழை பெய்தால் தீப்பெட்டி விற்பான். குழந்தைகளுக்கான வேடிக்கையாகத் தோன்றும் இச்செய்தியில் அத்தொழிலின் முழுத் துன்பமும் அடங்கியிருக்கிறது. உழவன் மழையின்மைக்கு அஞ்சினான். நடைபாதை ஓவியன் மழைக்கு அஞ்சினான்.

மறைவும் மீட்சியும்

இரண்டாம் உலகப்போர் இத்தாலியின் நாடோடி ஓவியர்களைச் சிதறடித்தது. போருக்குப்பின் ஊர்திகள் பெருகித் தெருக்கள் வேகத்திற்கு உரியவையாயின. மண்டியிட்டு வரைவோருக்கு இடம் சுருங்கியது. மறையவிருந்த கலைக்குப் புகலிடம் தந்தது மாந்துவா நகரின் அருகே உள்ள கிராசியே என்னும் சிற்றூர். அங்கே கன்சாகா குடியின் பிரான்செஸ்கோ, கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக, 1399இல் அன்னைக்குத் திருத்தலம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். அதன் உட்சுவர்களில், இடரிலிருந்து தப்பியோர் நேர்ந்துகொண்ட உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மேற்கூரையிலிருந்து பாடம்செய்யப்பட்ட முதலை ஒன்றும் தொங்குகின்றது.

ஆகஸ்டு 15ஆம் நாள் அன்னையின் விண்ணேற்பு விழாவை ஒட்டி, அத்தலத்தின் முன்றிலில் 1973இல் நடைபாதை ஓவியர்களின் போட்டி தொடங்கப்பெற்றது. முந்தைய நாள் வண்ணக்கட்டிகள் ஆசீர்வதிக்கப்படுவதும், ஓவியர்கள் இரவும் பகலுமாக உழைப்பதும் மரபாயின. ஆலயத்தினுள்ளே நூற்றாண்டுகள் நிற்கும் நேர்ச்சைகள். வெளியே ஒருநாள் வாழும் நேர்ச்சைகள். இரண்டிற்கும் வேர் ஒன்றே என்பதை உணர்ந்த ஊர் அது எனலாம்.

பழமனையின் வாசல்

அவ்விழாவை முன்மாதிரியாகக் கொண்டு 1987இல் கடல்கடந்து அமெரிக்காவில் ஒரு விழா தோன்றியது. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில் பிரான்சிஸ்கன் துறவியர் 1786இல் நிறுவிய மடம் அதற்கு இடமாயிற்று. ஆலயமாக மட்டுமன்றித் துறவியர் உறையும் மனையாகவும் விளங்கிய கட்டடம் அது. 1812இல் நிலநடுக்கத்தால் சிதைந்து, 1820இல் புதிய ஆலயம் பெற்று, 1925இல் மீண்டும் நடுங்கிச் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் இருநூறாம் ஆண்டு நிறைவை ஒட்டிய கொண்டாட்டமாகவே மடோன்னாரி என்னும் பெயரில் ஓவிய விழா நிகழ்ந்தது. முன்றிலின் தரை சதுரங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரத்திற்கும் பொருளுதவி செய்வோர் ஒருவர். அப்பொருள் பள்ளிச் சிறுவரின் கலைக்கல்விக்குச் சென்றது. பயின்ற ஓவியர்களோடு சிறுவர்களும் தமக்கென ஒதுக்கிய சிறு சதுரங்களில் வரைந்தனர். பின்னர் அமெரிக்க ஊர்கள் பலவற்றில் இம்முறை பரவியது. பழைய வீடு ஒன்றைப் பேணும் ஊரார், அதன் ஆண்டுவிழாவில் நடைபாதையைக் குழந்தைகளின் கையில் கொடுப்பது பழக்கமாயிற்று.

இதில் ஒரு பொருத்தம் உண்டு. பழங்கட்டடத்தைக் காப்போர் ஆணி அடிக்கவும் வண்ணம் பூசவும் இசையார். சுண்ணக்கட்டியோ எதையும் பற்றிக்கொள்வதில்லை. கடையில் விற்கும் நடைபாதைக் கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது. ஓவியர் கையாளும் மென்வண்ணக் கட்டியில் நிறமியோடு சிறிதளவே பசை சேரும். தண்ணீர் ஊற்றினால் கல் பழைய கல்லாகிவிடும். வீட்டைத் தொட்டும் வீட்டைக் கெடுக்காத விருந்தாளி இக்கலை.

வரையும் முறையும் பணிவைக் கற்பிப்பது. முதலில் தரையைப் பெருக்கித் தூசு நீக்குவர். மூலப்படத்தின்மேல் கட்டங்கள் வகுத்து, அவற்றைப் பெரிதாக்கித் தரையில் நூல்பிடித்துக் கோடிடுவர். தீட்டியதைத் தாமே மிதித்துவிடாதபடி மேற்புறத்திலிருந்து கீழ்நோக்கி வருவர். முழங்காலுக்கடியில் மெத்தை ஒன்று. வண்ணத்தைக் கல்லின் நுண்துளைகளில் தேய்த்து இறக்க விரல்களே தூரிகை. மாலைக்குள் விரல்நுனித் தோல் தேய்ந்துவிடும். மேகம் கறுத்தால் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக் காத்திருப்பர்.

பெற்றதும் இழந்ததும்

விழா இக்கலைக்கு மதிப்பைத் தந்தது, பசியை நீக்கியது, குழந்தைகளுக்கும் உரியதாக்கியது. இவை சிறிய பேறுகள் அல்ல. ஆயினும் அழைக்கப்பட்டு வருபவனுக்கு ஒரு கட்டுப்பாடு தானே வந்து சேர்கிறது. சதுரத்தின் தலைப்பில் பொருளுதவியாளரின் பெயர் இருக்க, அதன்கீழ் மலைப்பாம்பு முயலை விழுங்கும் சித்திரத்தை வரைவோர் அரியர். போசோவின் சித்திரத்தை அழிக்கக் காவலர் வரவேண்டியிருந்தது. விழா ஓவியத்திற்கு அத்தேவை எழுவதில்லை. வரைவதற்கு முன்பே அது அழிந்திருக்கக்கூடும்.

வாசல் தரும் மனைக்கும் மறந்துபோன பெயர்கள் உண்டு. சாந்தா பார்பரா மடத்தின் சுவர்களை எழுப்பிய கைகள் அம்மண்ணின் சுமாஷ் குடியினருடையவை. 1824இல் அவர்கள் அடக்குமுறைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அம்மடத்தின் கல்லறையில் அக்குடியினர் சுமார் 4,000 பேர் புதைக்கப்பட்டனர்; அவர்களுள் மிகப்பெரும்பாலோர்க்குத் தனி நடுகல் இல்லை. நகரின் பின்னுள்ள மலைக்குகையில் செங்காவியாலும் கரியாலும் வெண்மண்ணாலும் அவர்களின் முன்னோர் தீட்டிய ஓவியங்களோ, இரும்புக் கம்பிக் கதவின் பின்னே காக்கப்படுகின்றன. ஓவியம் நிலைத்தது, அதைத் தீட்டியோரின் பெயர் நிலைக்கவில்லை. மடோன்னாரியின் வரலாற்றிலோ ஓவியமும் இல்லை, பெயரும் இல்லை. வரையும் வழக்கம் மட்டும் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது.

ஆதலின் நிலைபேறு என்பதைப் பொருளின் ஆயுளால் மட்டும் அளப்பது பொருந்தாது. கல்லில் நின்றது அனைத்தும் நினைவில் நின்றதில்லை. தரையில் கரைந்தது அனைத்தும் மறைந்துபோனதுமில்லை. ஒரு கலை வாழ்வது, அதை அடுத்தவன் கையிலெடுக்கும்வரை. சொல்லை நம்பி வாழ்வோர்க்கும் இது பொருந்தும். விழா நாளில் பழமனையின் முன்னே குழந்தை ஒன்று வண்ணக்கட்டியை எடுத்துத் தரையில் குனியும்போது, பெயரெழுதாது போன பல தலைமுறைகளின் கை அதன் கையோடு சேர்கிறது. வாசலில் வரைய இடம் தருவதோடு, வாசலிலிருந்து விரட்டப்பட்டோரையும், வாசலைக் கட்டிவிட்டு மறக்கப்பட்டோரையும் நினைவிற்கொள்ளும் விழாவே நிறைவான விழாவாகும்.