பள்ளி வீட்டுக்குப் போன நாள்: ஏடு தொடக்கலும் கால்கோள் விழாவும்

மன்னார்ப் பெருநிலத்தில், கட்டுக்கரைக்குளத்து வயற்பரப்பை அண்டிய உயிலங்குளம் போன்ற ஊர்களின் பாடசாலைகளில், புதிய கல்வியாண்டு பிறந்ததும் தரம் 1 பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா நடக்கிறது. தரம் 2 பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று, மாலை போட்டோ மட்டையில் வெட்டிய கிரீடம் சூட்டியோ, புதியவர்களைக் கைபிடித்து உள்ளே கூட்டிவருவார்கள். அதிபரும் பங்குத்தந்தையும் மங்கள விளக்கேற்றுவார்கள். பெற்றோர் பின்வரிசைக் கதிரைகளில் இருப்பார்கள். பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதலெழுத்து எழுதுவிக்கும், வீட்டிலும் கோயிலிலும் காலங்காலமாக நடந்துவரும் ஏடு தொடக்கலே இப்படிப் பாடசாலைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்பது மேடையுரைகளிலும் விழா மலர்களிலும் கேள்விக்கு உட்படாத கருத்து. இதை ஏற்கத் தடை இருக்கிறது. ஒன்று மற்றொன்றின் வளர்ச்சி என்றால், இரண்டிலும் யார் யாரிடம் போகிறார்கள் என்பது ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்கவில்லை, நேர் எதிராக இருக்கிறது. அந்த எதிர்த்திசை எப்போது, எதனால் வந்தது என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

பழைய பள்ளி பற்றிப் பேசும் எவரும் இன்று வரலாற்று ஆய்வாளர் தரம்பாலைத் தாண்டிப் போக முடியாது. 1983இல் வெளிவந்த அவருடைய 'அழகிய மரம்', சென்னை மாகாண ஆளுநர் தோமஸ் மன்றோ 1822இல் கேட்டுப் பெற்ற கலெக்டர் அறிக்கைகளை முழுமையாக அச்சிட்டது. 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர் என்ற மாகாணத் தொகை தமிழ் வாசகருக்கு மனப்பாடமானதும் அந்நூலால்தான். இந்தியாவின் பழைய கல்வி என்ற அழகிய மரம் பிரித்தானியர் கையில் பட்டுப்போனது என்று 1931 ஒக்டோபரில் லண்டனில் காந்தி சொன்னதும், பிரித்தானியக் கல்வியாளர் பிலிப் ஹார்டொக் அதை மறுத்து ஆதாரம் கேட்டதுமான பழைய வழக்கைத் தரம்பால் ஆவணங்களோடு மறுபடி திறந்தார். அவ்வகையில் அவருக்குக் கடன்படாதவர் இத்துறையில் இல்லை. ஆனால் வழக்கு வழக்காகவே இருந்ததால் அவருடைய வாசிப்பும் வழக்கறிஞரின் வாசிப்பாகிவிட்டது. எத்தனை பள்ளி, எந்தச் சாதியார் எத்தனை வீதம், அழிவுக்குப் பொறுப்பு யார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தரும் வரிகளே அவருடைய முன்னுரையில் பாரம் பெறுகின்றன. காந்தியின் மர உவமையை நூலின் பெயராக எடுத்துக்கொண்டதோடு இன்னொன்றும் நேர்ந்தது: பள்ளி, சடங்கு, ஆசிரியர், ஊர் எல்லாம் ஒரே வேரில் நின்ற ஒரே பொருள், வெட்டினால் எல்லாம் சேர்ந்தே சாய்ந்திருக்கும் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது. கால்கோள் விழாவை ஏடு தொடக்கலின் மிச்சம் என்று பார்க்கும் பழக்கத்துக்கும் இதே எண்ணந்தான் அடி. சாய்ந்த மரத்தில் ஒரு கிளை தளிர்த்ததைக் கண்ட மகிழ்ச்சி அது.

தரம்பால் அச்சிட்ட ஆவணங்களில் அதிகம் எடுத்தாளப்பட்டது, பெல்லாரி கலெக்டர் ஏ. டி. காம்பெல் 1823 ஓகஸ்ட் 17இல் எழுதிய அறிக்கை. தெலுங்கு இலக்கணமும் அகராதியும் செய்தவர் காம்பெல். மற்றக் கலெக்டர்கள் பலர் அட்டவணையை நிரப்பி அனுப்பியபோது இவர் பள்ளிக்குள் போய்ப் பார்த்தவர் போல எழுதினார். காலை ஆறு மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது பிள்ளைக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி. மூன்றாவதுக்கு மெல்ல ஓர் அடி, நான்காவதுக்கு இரண்டு, பிந்தப் பிந்தக் கூடிக்கொண்டே போகும். இந்தப் பகுதியைப் பலரும் சுவைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால் வரும் பத்தியில் அவ்வளவு நேரம் நின்றவர் குறைவு. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் ஆசிரியரையும் பள்ளிப் பிள்ளைகள் அனைவரையும் பெற்றோர் தம் வீட்டுக்கு அழைக்கிறார்கள். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி எல்லாரும் வட்டமாக இருக்க, புதிய பிள்ளை நேர் எதிரே இருத்தப்படுகிறது. ஆசிரியர் பக்கத்தில் இருந்து தூபமிட்டு, படைத்து, வேண்டுதல் சொல்லவைத்து, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறார். பெற்றோரிடம் வெகுமதி பெற்றுக்கொண்டு போகிறார். மறுநாள் காலையில்தான் பிள்ளை பள்ளிக்குப் போகிறது. அங்கே அது விரலால் எழுதுவது அரிசியில் அல்ல, தரையில் பரப்பிய மணலில்.

இந்தப் பத்தியை மூன்று முறையாவது மெதுவாக வாசிக்க வேண்டும். சடங்கு நடப்பது வீட்டில். பள்ளி முழுவதும் அங்கே விருந்தாளி. பிள்ளை பள்ளியை நாடிப் போகுமுன் பள்ளி பிள்ளையை நாடிப் போகிறது. அரிசி வீட்டுடையது, மணல் பள்ளியுடையது, இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு இருக்கிறது. காம்பெல் இதை வேறுபாடாக எடுத்துக்காட்டவில்லை. கண்டதை வரிசையாகச் சொல்லிப்போகிறார். ஒரு வாதத்துக்காக அடுக்கப்படாத சான்று என்பதாலேயே அதன் மதிப்பு கூடுகிறது. இதே காலத்துக்குச் சற்று முந்திய இன்னொரு செய்தி இதற்குத் துணை நிற்கிறது. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தை நடத்திய அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் அதைக் கைக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிலும் மணற்தட்டு புகுந்தது. மணல் கடல் கடந்தது, அரிசி கடக்கவில்லை. மணல் பள்ளியின் உத்தி என்பதால் இன்னொரு பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. அரிசி எந்தப் பள்ளியின் கையிலும் இருக்கவில்லை.

இரண்டாவது ஆவணம் இராஜமுந்திரி கலெக்டருடையது. பிள்ளையின் ஐந்தாம் ஆண்டில் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளே பள்ளி புகும் நல்ல நாள் என்கிறது அது. தரம்பால் இதை முன்னுரையிலேயே குறிப்பிடுகிறார். கடப்பையில் சாதிக்குச் சாதி தொடக்க வயது மாறியதையும் குறிப்பிடுகிறார். குறிப்பிட்டுவிட்டு, வயது பற்றிய ஒரு விவரமாக மட்டும் அதை விட்டுவிடுகிறார். அதிலிருந்து போகவேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது. நல்ல நாள் பிள்ளையின் பிறந்தநாளிலிருந்து எண்ணப்பட்டால், ஒரு பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு முப்பது தொடக்கங்கள். எல்லாருக்கும் பொதுவான முதல் நாள் அந்தப் பள்ளிக்கு இருந்திருக்க முடியாது. வகுப்புகளாகப் பிரியாத, ஒவ்வொருவரும் தம் ஏட்டைத் தம் வேகத்தில் முடித்த பள்ளியில் அது தேவைப்படவும் இல்லை. ஆகவே 'பள்ளியின் புத்தாண்டு' என்ற ஒன்றைத் திண்ணைப் பள்ளியில் தேடுவது இல்லாததைத் தேடுவது. அழகிய மரத்திலிருந்து கால்கோள் விழாவுக்கு நேர்வழி இல்லை என்று சொல்ல இது ஒன்றே போதும்.

எளிதில் ஒதுக்கமுடியாத மறுப்பு ஒன்று உண்டு. காம்பெலின் 533 பள்ளிகளில் 235 கன்னடம், 226 தெலுங்கு. தமிழ்ப் பள்ளி நான்கே நான்கு. பெல்லாரிப் பீடபூமியின் வழக்கத்தை மன்னார்க் கரைக்குச் சான்றாக்குவது எப்படி? நியாயமான கேள்வி, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளி பற்றிய எழுத்துகள் பலவும் இதே பத்தியைத் தமிழ் வழக்கம் போல எடுத்தாள்வதைக் கண்டும் இதைக் கேட்க வேண்டும். என் விடை, ஆவணத்தைவிட வழக்கத்தின் பரப்பையே நம்பியிருக்கிறது. வீட்டுப் பெரியவரோ ஆசிரியரோ விரல் பிடித்து அரிசியில் எழுதுவிப்பது மலையாளத்தின் எழுத்தினிருத்திலும் யாழ்ப்பாணத்து ஏடு தொடக்கலிலும் ஒன்றாக இருக்கிறது. அங்கும் இங்கும் அது பள்ளி புகும் நாளிலிருந்து பிரிந்தே நிற்கிறது. கேரளத்தில் வித்யாரம்பம் விஜயதசமியில். அரசுப் பள்ளிகளின் பிரவேசனோத்சவம் யூன் மாதத்தில். ஒரே பிரிவினை மூன்று இடத்தில் காணப்பட்டால், அது பெல்லாரியின் தனிப்பழக்கம் என்று தள்ளுவது கடினம். தமிழ்நாட்டில் மட்டும், யூனில் ஆண்டு தொடங்கினாலும் விஜயதசமியன்று பள்ளியைத் திறந்து பிள்ளைகளைச் சேர்க்கும் வழக்கம் இரண்டையும் ஒட்டவைக்கிறது. அந்த ஒட்டு அண்மைக்காலத்தது என்றே தோன்றுகிறது. உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று திரளவில்லை.

மன்னாரின் கதை தரம்பாலின் சட்டகத்துக்குள் அடங்காததற்கு வேறு காரணமும் இருக்கிறது. மாகாணத்து ஆவணங்களில் 'நாட்டுப் பள்ளி', 'ஆங்கிலேயப் பள்ளி' என்ற இரண்டே கட்சிகள். இங்கே 1560இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் வந்துவிட்டார்கள். ஒல்லாந்தர் கோயிலையும் பள்ளியையும் ஒன்றாகப் பிணைத்தார்கள். பள்ளி ஆசிரியர் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிந்துவைத்தார். வராத பிள்ளைக்காகப் பெற்றோர் தண்டம் கட்டினர். பாடசாலைச் சபையின் சார்பில் ஆண்டுக்கொரு முறை பள்ளிகள் பார்வையிடப்பட்டன. மன்றோ கணக்கெடுப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இக்கரைப் பிள்ளை ஓர் இடாப்பில் ஏறியாயிற்று. 'ஆண்டு' என்ற அளவு இக்கரைப் பள்ளிக்குள் அந்தப் பார்வையிடலோடுதான் நுழைந்தது என்று கொள்கிறேன். அது சேரும் நாளின் ஆண்டாக வரவில்லை. தணிக்கை நாளின் ஆண்டாகவே வந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்து, பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்ப உதவிப்பணம் கொடுக்கும் முறை வந்தபோதும் இதே தர்க்கமே தொடர்ந்தது. பரிசோதகர் வரும் நாளே பள்ளியின் பெரிய நாள். யாழ்ப்பாண ஆயர் பொஞ்ஜோன் போன்றோர் வாதாடிப் பெற்ற மதப்பிரிவுப் பள்ளி உரிமையில் எழுந்தவைதான் மன்னார்க் கிராமங்களின் கத்தோலிக்கப் பள்ளிகள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு பொறுப்பேற்ற பின்னும் 'றோ.க.த.க.' (றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன்) என்ற எழுத்துகள் அவற்றின் பெயர்ப்பலகையை விட்டுப் போகவில்லை.

தணிக்கையின் ஆண்டு சேர்வின் ஆண்டாக மாறியது எப்போது? இங்கே சான்று மெலிகிறது. பாடசாலைச் சேர்வு இடாப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்ந்த திகதிக்கெனத் தனிக் கட்டம் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் சேரும் அமைப்பில் அந்தக் கட்டம் வீண். ஆகவே ஆண்டு முழுவதும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்த காலத்தின் வடிவம் அது என்று வாதிடலாம். இடம் மாறி வரும் பிள்ளைக்காகவும் அக்கட்டம் தேவை என்று மறுக்கலாம். மறுப்பு வலுவானது, இதைத் துணைச்சான்றாக மட்டும் வைக்கிறேன். அதைவிட உறுதியானது இன்றைய விதி: ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையே தரம் 1இல் சேரலாம். ஐந்து என்ற எண் மாறவில்லை, இராஜமுந்திரியிலும் ஐந்துதான். எண்ணத் தொடங்கும் இடம் மாறிவிட்டது. பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பதில் அரசின் ஒரு திகதி. முப்பது தொடக்கங்கள் ஒன்றானதும், ஆசிரியரும் பிள்ளைகளும் முப்பது வீட்டுக்கும் போக வழியில்லை. முப்பது வீட்டாரும் பள்ளிக்கு வர வேண்டியதாயிற்று. திசை திரும்பியது இங்கேதான். கால்கோள் விழாவின் இன்றைய வடிவம், 1998இல் கம்பஹாவிலும் 1999இல் நாடெங்கும் தரம் 1இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தத்தோடு நிலைபெற்றது என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தைத் திறக்குமுன் விளையாட்டும் செயற்பாடுமாகப் பிள்ளைகளை இனங்காணும் காலத்துக்குப் பொருத்தமான முகப்பு அது. அதற்கு முன்னும் வரவேற்பு நடந்த பாடசாலைகள் இருந்திருக்கலாம். இடம்பெயர்வுகளில் சம்பவத் திரட்டுப் புத்தகங்களை இழந்த மாவட்டத்தில் இதை ஆண்டு சொல்லித் தீர்ப்பது எளிதல்ல.

இவ்வளவும் ஊகம் என்பவருக்கு அண்மைக்காலமே ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. பெருந்தொற்றால் கல்வியாண்டு நகர்ந்தது. 2022ஆம் ஆண்டுக்கான முதலாம் தவணை ஏப்ரலில்தான் தொடங்கியது. 2023இல் மார்ச் 27, 2024இல் பெப்ரவரி 19, 2025இல் ஜனவரி 27 என்று படிப்படியாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது. கால்கோள் விழாவும் அதோடு சேர்ந்து நகர்ந்தது. ஏடு தொடக்கல் நகரவில்லை. 2022இல் தைப்பூசம் ஜனவரி 18; பாடசாலை திறக்க மூன்று மாதம் இருக்கையிலேயே ஏடு தொடக்கும் நாள் வந்து போய்விட்டது. ஒன்று மற்றொன்றின் வடிவமானால் இரண்டும் சேர்ந்தல்லவா நகர்ந்திருக்க வேண்டும்?

தைப்பூசம் என்ற நாளும் கவனத்துக்குரியது. வட இலங்கையில் விஜயதசமியோடு தைப்பூசமும் ஏடு தொடக்கும் நாளாக இருப்பதை முருக வழிபாட்டால் மட்டும் விளக்கிவிட முடியாது. புது நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் 'புதிர்' எடுக்கும் நாளும் அதுவே; நல்லூர்க் கோயிலின் நெற்புதிர் விழாவும் அதை ஒட்டி வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த காலபோக நெல் அப்போதுதான் முற்றி, முந்திய வயல்களில் அரிவி வெட்டு தொடங்கியிருக்கும். பிள்ளையின் விரல் படும் அரிசி வீட்டுக்கு வந்த புது அரிசியாக இருக்கக்கூடிய நாள் அது. மன்னார் வயற்கிராமங்களில் கத்தோலிக்கக் குருவானவரும் பிள்ளையின் விரல் பிடித்து எழுதுவிக்க முடிவதற்கு இது ஒரு விளக்கமாகலாம். சடங்கின் நடுவே இருப்பது விளைச்சல், தெய்வத்தின் பெயர் வீட்டுக்கு வீடு மாறலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் உள்ளூர் வழக்கங்களைத் திருச்சபை ஏற்றபோது புகுந்தது இது என்பாரும் இருக்கலாம். அப்படியானால் 1960களுக்கு முன் கத்தோலிக்க வீடுகளில் அரிசித் தட்டு இருந்திருக்கக் கூடாது. கோயிலுக்குள் எப்போது வந்தது என்பதும் வீட்டில் எப்போது இருந்தது என்பதும் இரு வேறு கேள்விகள். பங்குக் குறிப்பேடுகள் முதலாவதுக்கு மட்டுமே விடை தரக்கூடியவை.