செக்! – ஒரு சொல்லும் பல கட்டங்களும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இங்கே நாக்பூரில் எங்கள் ஃபிளாட் ஹாலில் அப்பாவும் என் பெண்ணும் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து அப்பா வந்தால் தினமும் நடக்கிற கூத்துதான். அவர் கட்டம் போட்ட கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவில் சம்மணம் போட்டிருப்பார். எதிரில் ஒன்பதாம் வகுப்புப் பெண். பள்ளிக்கூட டீமில் ஆடுகிறாள், கேட்கவா வேண்டும்?

"தாத்தா, செக்!"

"இந்த வீட்டுல அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதம்மா" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அன்றைக்கு ராத்திரி யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்ததிலிருந்து இந்த 'செக்' எத்தனை தடவை வருகிறது? கேஸ் ஆஃப் பண்ணியாச்சா, செக் பண்ணு. ரயிலில் டிக்கெட் செக்கிங். ஊர் எல்லையில் செக்போஸ்ட். வயசு நாற்பதைத் தாண்டினால் வருஷா வருஷம் செக்கப். ஆபீஸ் அரசியலில் "அவனுக்கு நல்லா செக் வெச்சுட்டாங்க சார்". ஹோட்டலில் செக்-இன். பீரோவில் செக்டு ஷர்ட். ஓடையின் குறுக்கே செக் டேம். எங்கள் பிழைப்பில் ஒருவர் பதிவு செய்ததை இன்னொருவர் சரிபார்க்கும் மேக்கர்–செக்கர். இத்தனைக்கும் மேலே நாங்கள் சோறு தின்னும் அந்தக் காகிதம், காசோலை.

ஒரே சொல்லுக்கு இத்தனை வேலையா? நான் படித்தது பி.காம். மொழி ஆராய்ச்சிக்கும் எனக்கும் காத தூரம். ஆனால் இந்தச் சொல்லின் கதையைத் தேடிப் போனால் அது நேராக நம்ம தொழிலுக்கே கொண்டுவந்து விடுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

(முதலிலேயே ஒன்று: நம்ம ஊர் எண்ணெய்ச் செக்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது வேறு சொல்.)

ராஜாவைக் கூப்பிட்ட குரல்

ஆட்டம் நம்முடையது. தேர், யானை, குதிரை, காலாள் என்று நான்கு அங்கம் கொண்டதால் சதுரங்கம். சுமார் ஆறாம் நூற்றாண்டில் அது பாரசீகத்துக்குப் போனது. அங்கே அதன் பெயர் சத்ரங். பிறகு அரபியர் வாயில் ஷத்ரஞ்ச்.

பாரசீகத்தில் ராஜாவுக்கு 'ஷா' என்று பெயர். ராஜாவுக்கு ஆபத்து வந்தால் எதிராளி "ஷா!" என்று குரல் கொடுக்க வேண்டும். அதாவது, "உன் ராஜாவைப் பார்த்துக்கொள்" என்கிற எச்சரிக்கை. ராஜா அசைய வழியே இல்லாமல் போனால் "ஷா மாத்", அதாவது ராஜா செயலற்றுப் போனான். அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன 'ஷா', பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, இங்கிலாந்தில் 'செக்' ஆனது. 'ஷா மாத்' செக்மேட் ஆனது. செஸ் என்ற பெயரே அந்த 'எஷெக்'கின் பன்மையிலிருந்து வந்ததுதான்.

வடக்கே குடியிருக்கிற நமக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியில் இன்றும் "ஷஹ் அவுர் மாத்" என்றுதான் சொல்கிறார்கள். இங்கே மராத்திப் பேப்பரில் அரசியல் செய்தி என்றால் "ஷஹ–காட்ஷஹ" என்று தலைப்புப் போடுவார்கள். ஒருவன் செக் வைக்க, மற்றவன் பதில் செக் வைப்பது. கோச் சொல்லும் ஷஹ், என் பெண் சொல்லும் செக் எல்லாம் ஒரே சொல். ஒன்று பக்கத்து வீட்டுப் பாரசீகத்திலிருந்து நடந்து வந்தது. இன்னொன்று ஐரோப்பாவைச் சுற்றிக் கப்பலில் வந்தது.

"செக்" என்றால் எதிராளியின் கை நின்றுவிடும் அல்லவா? மற்ற வேலையை விட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குத் 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் வந்தது. தடுப்பணை செக் டேம் ஆனதும், சோதனைச் சாவடி செக்போஸ்ட் ஆனதும் அந்த வழிதான். நிறுத்தினால்தான் சோதிக்க முடியும். ஆகவே அடுத்து 'சரிபார்' என்ற பொருள். சரிபார்த்ததற்கு அடையாளமாகத் தரும் சீட்டும் செக், போடும் டிக்கும் செக். அமெரிக்காவில் ஹோட்டல் பில்லும் செக்!

கட்டம் போட்ட துணியில் கஜானா

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. நம்ம ஊர் ஜமாபந்தி மாதிரி, ஒவ்வொரு மாவட்டத்து ஷெரிஃபும் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து ராஜாவுக்குச் சேர வேண்டிய வரிக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். ஈஸ்டர் சமயத்தில் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் மைக்கேல்மஸ் பண்டிகைக்கு ஒரு தடவை.

சிக்கல் என்னவென்றால், அவர்களிடம் இருந்தது ரோமன் எண். பூஜ்யம் கிடையாது, ஸ்தானம் கிடையாது. அதை வைத்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள், தலை சுற்றும். அதனால் பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. அதன் மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று, இருபது பவுண்டுக்கு ஒன்று என்று பிரித்து, வில்லைகளை வைத்தும் எடுத்தும் எல்லோர் கண் முன்னாலும் கணக்குப் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரிஃபுக்கும் தன் பாக்கி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

துணி செஸ் பலகை மாதிரி இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே லத்தீனில் 'ஸ்காக்கேரியம்', அதாவது செஸ் பலகை என்று பெயர் வந்தது. இங்கிலீஷில் எக்ஸ்செக்கர். பிரிட்டிஷ் நிதியமைச்சருக்கு இன்றும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றுதான் பட்டம். 1170களின் கடைசியில் இந்த அலுவலகத்தைப் பற்றி ஒரு நூல் எழுதிய பொக்கிஷதாரர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், பொக்கிஷதாரருக்கும் ஷெரிஃபுக்கும் அங்கே நடப்பது ஒரு சதுரங்கப் போர் மாதிரிதான் என்கிறார். ஆடிட் நடக்கும் வாரத்தில் எங்கள் பிராஞ்சுக்கு வந்து பாருங்கள், மனிதர் சொன்னது பொய்யில்லை என்று தெரியும் :-)

பணம் கட்டியதற்கு ரசீது? குச்சி! ஹேசல் மரக் குச்சியில் தொகைக்குத் தக்கபடி வெட்டு. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை கனம், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம். பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. இரண்டையும் சேர்த்தால் வெட்டு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மோசடி. பணம் கொடுத்தவர் கையில் இருக்கும் நீளப் பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர், மற்ற பாதிக்கு 'ஃபாயில்'. செக் புத்தகத்தில் நாம் கிழிக்காமல் வைத்திருக்கும் கவுன்டர்ஃபாயில் யாருடைய பேரப்பிள்ளை என்று இப்போது தெரிகிறதா?

இந்தக் குச்சிகளை 1826-இல்தான் கைவிட்டார்கள். மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பார்லிமென்ட் கட்டடத்து அடுப்புகளில் போட்டு எரித்தபோது சூடு அளவு மீறி, கட்டடமே பற்றி எரிந்து போனது. பழைய ரெக்கார்டை அழிப்பதில் ஜாக்கிரதை தேவை என்பதற்கு இதைவிட நல்ல கதை வேண்டாம்.

கள்ளத்தனத்துக்குத் தடை

லண்டனில் 1659 பிப்ரவரி 16 தேதியிட்ட ஒரு கடிதம் உண்டு. கிளேட்டன், மாரிஸ் என்ற பணப் பரிவர்த்தனைக்காரர்களிடம், இன்னாருக்கு 400 பவுண்டு கொடுங்கள் என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியது. இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய இங்கிலீஷ் செக்குகளில் ஒன்று. ஆனால் அப்போது அதற்கு 'செக்' என்று பெயர் இல்லை. 1700களின் தொடக்கத்தில் 'செக்' என்றால் அந்த அடிக்கட்டைதான். கள்ளத்தனத்துக்கும் திருத்தலுக்கும் 'செக்' வைப்பது, அதாவது தடுப்பது என்ற பொருளில். பிறகு கட்டையின் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே போய்விட்டது. எக்ஸ்செக்கரின் ஸ்பெல்லிங்கைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் நடுவில் 'க்யூ' எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். நம் 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் இங்கிலாந்து எழுத்தையே பிடித்துக்கொண்டது.

செஸ் பலகை மாதிரிக் கட்டம் போட்ட துணிக்கும் 'செக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மெட்ராஸ் செக்ஸ் என்று உலகமெல்லாம் போனது நம்ம ஊர்த் தறித் துணி. சாயம் போவதே அதன் அழகு என்று 1960களில் அமெரிக்காவில் விளம்பரம் செய்து விற்றார்கள்!

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் செக்

எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். அப்பா கைலி நெய்தவர். வீட்டில் நான்கு தறி. கட்டம் விழுவது லேசான காரியமில்லை. பாவில் கலர் நூல் எத்தனை இழை ஓடுகிறதோ, அந்தக் கணக்குக்கு ஊடையிலும் நாடாவை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு எண்ணிக்கை தப்பினால் கட்டம் கோணிவிடும். அப்பா கணக்கு தப்பியதை நான் பார்த்ததில்லை.

1992 தீபாவளிக்கு முன்னால் வெளியூர் வியாபாரி ஒருவர் சரக்கு எடுத்துக்கொண்டு, ரொக்கத்துக்குப் பதில் 18,400 ரூபாய்க்கு ஒரு செக் கொடுத்தார். எனக்கு அப்போது 12 வயசு. அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பிறகு பேங்கில் போட்டார். திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் இங்கிலீஷில் "ஃபண்ட்ஸ் இன்ஸஃபிஷியண்ட்". வாத்தியாரிடம் போய் அர்த்தம் கேட்டு வந்து சொன்னவன் நான்தான்.

வியாபாரி, "அடுத்த மாசம் போடுங்க, கண்டிப்பா பாஸ் ஆகும்" என்றார். அப்பா நம்பினார். தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. எட்டு மாசம் கழித்துக் கொண்டுபோனபோது, ஆறு மாசம் தாண்டிய செக் செல்லாது என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். இரண்டு தறியை விற்றுத்தான் நூல் கடனை அடைத்தோம்.

பி.காம் படிக்கும்போதுதான் தெரிந்தது. திரும்பிய செக்கைக் கிரிமினல் குற்றமாக்கும் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதலே அமலில் இருந்திருக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டு வந்த 15 நாளுக்குள் ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். சிவில் வழக்குப் போடவும் மூன்று வருஷம் இருந்தது. ஒரு பதிவுத் தபால் செலவு! அதைச் சொல்ல எங்கள் தெருவில் ஒரு ஆள் இல்லை. அந்தச் சீட்டும் ஒரு "செக்!" என்ற குரல்தான். உன் ராஜாவுக்கு ஆபத்து, இப்போதே நகர்த்து என்று சொன்னது. எங்களுக்கு அந்த பாஷை தெரியவில்லை. நான் பேங்க் வேலையே கதியென்று பரீட்சை எழுதியதற்கு இதுதான் காரணம்.

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்காக இரண்டு வரி. 2003 பிப்ரவரி முதல் நோட்டீஸுக்கு 30 நாள் அவகாசம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர்கள் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஆனால் 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் ஆறு மாசமில்லை, மூன்றே மாசம். "அப்புறம் போடுங்க" என்று யாராவது சொன்னால் முதலில் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடமும் சொன்னேன். ஷா, செஸ் பலகை, கஜானா மேஜை, குச்சி எல்லாம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 138-ஐப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்தவர் கேட்டார்:

"அந்த ராஜா மேஜைத் துணின்னு சொன்னியே, கட்டத்துக்கு எத்தனை இழைடா?"

கோட்டுக்குக் கோடு ஓரடி அல்லது ஒரு சாண் என்றுதான் அந்தப் பொக்கிஷதாரர் எழுதியிருக்கிறார், இழைக் கணக்கை எழுதவில்லை என்றேன்.

"எழுதாம விட்டுட்டானா?" என்று சிரித்துவிட்டுப் பேத்தியோடு அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கப் போய்விட்டார்.