மரைக் கொம்பு: பொறுக்கியதா, சுட்டதா?



எமது கரையோர ஊர்களில் பழைய கல்வீடுகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. அவற்றின் முன் மண்டபத்தில், வாசல் நிலைக்கு மேலே, ஒரு சோடி மான் கொம்போ மரைக் கொம்போ ஆணியில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தொப்பி மாட்டவும் சால்வை போடவும் அது வசதி. "இது யார் சுட்டது?" என்று பிள்ளைகள் கேட்டால், "அந்தக் காலத்து ஆக்கள் பெரிய வேட்டைக்காரர்" என்று ஒரு பெருமைப் பதில்தான் எப்போதும் வரும். அந்தப் பதில் எல்லாக் கொம்புக்கும் பொருந்தாது. எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைக் கொம்பே சொல்லும். இறக்கி அடியைப் பார்த்தால் போதும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருப்பது வேறு கொம்பு. உள்ளே எலும்பு, வெளியே நகம் போன்ற உறை, ஆயுள் முழுக்க ஒன்றே. மானுக்கும் மரைக்கும் இருப்பது முழுக்க எலும்பு. கிடாய்க்கு மட்டுமே முளைக்கும். வளரும்போது மெல்லிய உரோமத் தோல் மூடியிருக்கும், அதற்குள் இரத்தம் ஓடும். முற்றியதும் தோல் காய்ந்து உரிய, மரத்தில் உரசி உரசி அதைக் கழற்றும். கொஞ்சக் காலம் அந்தக் கொம்போடு சண்டை பிடித்துத் திரிந்த பிறகு, அடியில் எலும்பு இளகி, ஒரு நாள் தானாகவே விழுந்துவிடும். பிறகு புதிதாக முளைக்கும். இரண்டு கொம்பும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்றும் இல்லை.

ஆகவே உதிர்ந்த கொம்பின் அடி தனியாகத் தெரியும். பூண் போட்டது போல ஒரு சொரசொரப்பான வளையம், அதற்குக் கீழே லேசாகப் புடைத்த, கரடுமுரடான முகம். அவ்வளவுதான். சுடப்பட்ட மிருகத்தின் கொம்பு அப்படி இராது. வளையத்துக்குக் கீழேயும் எலும்பு நீளும், மண்டையோட்டின் ஒரு துண்டு ஒட்டியிருக்கும், அல்லது வாளால் அறுத்த தட்டையான வெட்டு இருக்கும். சோடியாக, நடு எலும்போடு சேர்ந்தே இருந்தால் சந்தேகமே இல்லை, அது வேட்டை. தனித்தனியாக, அளவு கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால், பெரும்பாலும் அது காட்டில் யாரோ குனிந்து எடுத்தது.

குளிர் நாடுகளில் இந்தக் குனிந்து எடுத்தலுக்கு ஒரு பருவமே உண்டு. அங்கே மான் இனங்கள் பனிக்காலம் முடியும் தறுவாயில் ஏறத்தாழ ஒன்றாகக் கொம்பு உதிர்க்கும். பனி உருகி, புல் முளைப்பதற்கு முந்திய அந்த இடைவெளியில் ஆட்கள் தேடிப் போவார்கள். எமது காட்டில் அப்படி ஒரே காலம் என்று இறுக்கமாக இல்லை. ஆனால் தேட வசதியான காலம் இங்கேயும் உண்டு. அது வெயில் காலம். குளங்கள் வற்றி, பற்றைகள் இலை கொட்டி, தரை தெரியும் நாட்கள். மிஞ்சிய தண்ணீரைத் தேடி மிருகங்கள் ஒரே பக்கம் வருவதால், கொம்பும் அந்த வழிகளில்தான் கிடக்கும்.

யார் தேடினார்கள்? கொம்புக்காக மட்டும் காடேறியவர் குறைவு என்றே நாம் நினைக்கிறோம். மாட்டுப் பட்டியோடு போனவர்கள், தேன் எடுக்கப் போனவர்கள், சேனை வெட்டியவர்கள், எல்லோருக்கும் முதலில் வேடர்கள். கண்ணில் பட்டதை எடுத்துக் குடிசையில் சேர்த்து வைப்பார்கள். அதை வாங்க ஒருவர் வர வேண்டும். அந்த வருகிறவர் எமது ஆள்.

இந்த இடத்தில்தான் எமது வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. கண்டி இராச்சிய காலத்திலிருந்தே பொதிமாட்டு வியாபாரம், அதாவது தவளம், பெருமளவு முஸ்லிம்களின் கையில் இருந்தது. கரையிலிருந்து உப்பு, கருவாடு, துணி ஏறும். உள்நாட்டிலிருந்து பாக்கு, தேன், மெழுகு போன்றவை இறங்கும். வெல்லஸ்ஸ, பிந்தன்ன வழிகள் இவர்களுக்கு மனப்பாடம். இந்தத் தொழில் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்றால், 1817இல் ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை வெல்லஸ்ஸவில் முஹந்திரமாக ஆங்கிலேயர் நியமித்ததே, 1817–18 ஊவாக் கிளர்ச்சி வெடித்ததற்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாக வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. பாடப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, அவருடைய ஆட்கள் அந்தக் காட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று நாம் கேட்பதில்லை.

வேடர்களோடு நடந்தது பண்டமாற்று. 1660 முதல் 1679 வரை கண்டியில் சிறைப்பட்டிருந்த றொபட் நொக்ஸ், வேடர்கள் இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, அம்பு முனை எந்த வடிவில் வேண்டும் என்று இலையை வெட்டி வைத்துப் போவதை எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வேடரைப் பற்றி எழுதியவர்களின் நூல்களில் சோனக வியாபாரி அடிக்கடி வந்து போவார். துணியும் கோடாரியும் உப்பும் கொடுத்து, தேனும் காய்ந்த இறைச்சியும் கொம்பும் வாங்குபவராக. விலை நியாயமாக இருந்ததா? எல்லா இடத்திலும் இருந்திருக்காது. காட்டிலிருப்பவனுக்குச் சந்தை விலை தெரியாது என்பதில் இலாபம் கண்டவர்கள் எமது பக்கத்திலும் இருந்திருப்பார்கள். அதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

வாங்கிய கொம்பு எங்கே போனது? கொஞ்சம் நாட்டு வைத்தியத்துக்கு. கல்லில் உரைத்து வீக்கத்துக்குப் பூசுவார்கள். சித்த வைத்தியத்தில் மான்கொம்புப் பற்பம் உண்டு, யூனானியிலும் சுட்ட கொம்பு இருமலுக்கும் நெஞ்சு நோய்க்கும் சொல்லப்பட்டிருக்கிறது. (செத்த பிராணியின் கொம்பு அசுத்தம் என்பது ஷாபிஈ மத்ஹப், சுத்தம் என்பது ஹனபி மத்ஹப். உயிரோடு இருக்கும் மானிலிருந்து தானாக விழுந்ததற்கு என்ன சட்டம் என்பதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம்.) கொஞ்சம் கத்திப் பிடிக்கு. மிச்சம் கப்பலுக்கு. ஆங்கிலேயர் கால ஏற்றுமதிப் பொருட்களில் கறுவா, கோப்பி, தேங்காய் எண்ணெயோடு மான் கொம்பும் ஒன்று. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் கத்திக்குப் பேர்போனது. அங்குள்ள பட்டறைகள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த கொம்பை விரும்பி வாங்கின. எமது மரைக் கொம்பில் உள் சோறு குறைவு, கெட்டி அதிகம், அறுத்துப் பிடி போட நன்றாக நிற்கும். வேடர் குனிந்து எடுத்தது தவள மாட்டில் இறங்கி, கப்பலேறி, யாரோ ஒரு வெள்ளைக்காரரின் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வெள்ளைக்காரர்கள் மரைக்கு ஒரு வேடிக்கையான பெயர் வைத்தார்கள்: எல்க். ஐரோப்பாவின் எல்க் வேறு மிருகம், அமெரிக்காவில் எல்க் என்பது இன்னொன்று, இரண்டும் இலங்கையில் இல்லை. ஊர் ஞாபகத்தில் பெரிய மானுக்கெல்லாம் அதே பெயர். நுவரெலியாப் பக்கத்தில் எல்க் பிளேன்ஸ் என்ற இடப்பெயர் இன்றும் இருக்கிறது. அங்கே குடியேறி நாய்ப் பட்டாளத்தோடு மரை துரத்திய சாமுவேல் பேக்கர் 1855இல் வெளியிட்ட 'இலங்கையில் எட்டு வருட அலைச்சல்' என்ற நூலைப் படித்தால், பொழுதுபோக்குக்காக எவ்வளவு உயிர் போனது என்பது அவர் வாயாலேயே தெரியும். யானை வேட்டையில் பேரெடுத்த மேஜர் றொஜர்ஸ் கொன்ற யானைகளை ஆயிரத்துக்கு மேல் என்று எண்ணுகிறார்கள்.

பிறகு காட்டில் மிருகம் குறைந்தது. 1891இல் ஒரு சட்டம் வந்தது. 1894இல் வேட்டைப் பிரியர்களான தோட்டத்துரைமார் சேர்ந்து வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1937இன் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் இன்றுவரை அடிப்படை. அக்காலத்து எழுத்துகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் தோலுக்கும் கொம்புக்கும் சுடும் கிராமத்தான், அவனிடம் வாங்கும் சோனக வியாபாரி. துரை சுட்டால் விளையாட்டு, கிராமத்தான் சுட்டால் நாசம். இந்த அநியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே எமது பங்கை இல்லையென்று ஆக்க முடியாது. துவக்கு மலிந்த பிறகு, தோலுக்கு விலை ஏறிய பிறகு, பொறுக்கிய கொம்பும் சுட்ட கொம்பும் ஒரே சாக்கில்தான் கரைக்கு வந்தன.

இதனால்தான் உதிர்ந்த கொம்புக்கும் கெடுபிடி. அடியை அறுத்துவிட்டால் எது பொறுக்கியது, எது சுட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. இந்தியா 1990களின் பிற்பகுதியில் உதிர்ந்த கொம்பின் ஏற்றுமதியையும் நிறுத்தியது. அமெரிக்காவின் ஜாக்சன் என்ற ஊரில், 1912இல் அமைந்த எல்க் சரணாலயத்தில், சாரணர் பிள்ளைகள் உதிர்ந்த கொம்பைச் சேர்த்து வருடாவருடம் ஏலம் விடுகிறார்கள், பணத்தில் பெரும்பகுதி சரணாலயத்துக்கே திரும்புகிறது. இங்கேயும் அப்படிச் செய்யலாமே என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். எமக்கு உடன்பாடில்லை. காவல் பலமாக இல்லாத காட்டில் அது சுட்ட கொம்புக்கு ஒரு கதவைத் திறந்துவிடும். தவிர, கிடக்கும் கொம்பு வீணாவதில்லை. முள்ளம்பன்றி இரவில் அதைக் கடித்துத் தின்னும், மானே மானின் கொம்பைச் சப்பும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அவற்றுக்கு வேண்டும். லாகுகலைப் பக்கமோ குமணைப் பக்கமோ போகிறவர்கள் கண்டாலும் எடுக்க வேண்டாம். தேசிய பூங்காவுக்குள் எடுப்பது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டிலிருக்கும் பழைய கொம்பை விலைக்குக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். படமெடுத்து இங்கே போடவும் வேண்டாம், தேவையில்லாத சிக்கல். எமக்கு வேண்டியது வேறு. தவள மாடு வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், எண்பது வயது தாண்டியவர்கள் சிலர். அவர்கள் மாடு நிறுத்திய மரங்கள், தண்ணீர் குடித்த மோட்டைகள், காட்டுக்குள் கடந்த வழிகள், இவற்றுக்கெல்லாம் தமிழில் பெயர் இருந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள். மூத்தாப்பா மூத்தம்மாவிடம் கேட்டு, ஒரு பெயராவது தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். மாணவர்களோடு சேர்ந்து ஒரு கொப்பியில் பதியத் தொடங்கியிருக்கிறோம்.